பிணத்துக்கு எதற்கு அரசியல் என்று கேட்பவருக்கு

ஜார்ஜ் ரொமேரோவின் ஸோம்பி படங்களில் அரசியல் எதுவும் கிடையாது, இருப்பதாகச் சொல்வதெல்லாம் பேராசிரியர்கள் பின்னால் ஒட்டவைத்த வால் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதே கட்டுரையில் நாலு பத்தி தள்ளி, ரொமேரோ அரசியலைத் திணித்துத் திணித்தே இந்த வகைப் படங்களைக் கெடுத்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார். இல்லாத அரசியலை ஒருவர் எப்படித் திணித்தார் என்று அவரும் சொல்லவில்லை, பிரசுரித்தவர்களும் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

அவர் சொல்வதைத் திரிக்காமல் தொகுத்துவிடுகிறேன். ஸோம்பி என்பது வெறும் சாவு பயம். 1968இல் வந்த ரொமேரோவின் முதல் படமான 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'டில் கறுப்பின நடிகர் நாயகனானது தற்செயல், அதை இயக்குநரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1978இன் 'டான் ஆஃப் த டெட்' ஒரு பிரசங்கம். கூட்டத்தைப் பிணமாகக் காட்டுகிறவன் மக்களை வெறுப்பவன். ரொமேரோவைப் பின்பற்றியவர்கள் கட்சித் துண்டுப்பிரசுரம் எடுத்தார்கள், அரசியலை உதறியவர்கள்தான் உருப்படியாகப் படம் எடுத்தார்கள். கடைசியில் தமிழ் இயக்குநர்களுக்கு ஓர் உபதேசம்.

சாவு பயம் என்கிறாரே, யாருடைய பயம், எந்த ஊர்ப் பயம்? ஸோம்பி பிறந்த இடம் ஹைட்டி. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடித்த பிரெஞ்சுக் காலனி அது. செத்தால் விடுதலை என்பதுதான் அந்த அடிமைக்கு மிஞ்சியிருந்த ஆறுதல். செத்த பிறகும் எழுப்பிக் களத்துக்கு அனுப்பினால்? ஹைட்டிக்காரர்கள் ஸோம்பி தங்களைக் கடித்துவிடும் என்று பயப்படவில்லை. தாங்களே ஸோம்பி ஆக்கப்பட்டுவிடுவோம் என்றுதான் பயந்தார்கள். சாவுக்குப் பிறகும் முதலாளி இருப்பானோ என்ற பயம் அது. இதில் அரசியல் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

அந்தக் கதை அமெரிக்காவுக்கு வந்த விதத்தையும் பாருங்கள். 1915இல் அமெரிக்கப் படை ஹைட்டியில் இறங்கி 1934 வரை அந்த நாட்டைக் கைக்குள் வைத்திருந்தது. அந்த ஆக்கிரமிப்பின் நடுவில் போய்வந்த வில்லியம் ஸீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929இல் 'த மாஜிக் ஐலண்ட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். செத்தவர்கள் கரும்புக் காட்டில் கூலி வேலை பார்க்கும் கதை அதில் வருகிறது. அவர்களை வேலைக்கு வைத்திருப்பது ஹைட்டியிலிருந்த அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி. மூன்று வருடத்தில் விக்டர் ஹால்பெரின் 'வைட் ஸோம்பி' எடுத்துவிட்டார். பெலா லுகோசி அதில் பிணங்களை வைத்துச் சர்க்கரை ஆலை நடத்துகிறவர். ஆலைக்குள் ஒரு காட்சி. கூடை சுமந்தவர்கள் மேலே வரிசையாக வருகிறார்கள், கீழே சிலர் செக்குமாடு மாதிரி ராட்டினத்தைச் சுற்றித் தள்ளுகிறார்கள். ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். அலறல் இல்லை. யாரும் நிற்கவும் இல்லை. மரச் சக்கரத்தின் கிரீச் ஒலி மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் கவலை என்னவோ ஒரு வெள்ளைக்காரப் பெண் மயக்கப்பட்டதைப் பற்றித்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதலாவது ஸோம்பி படமே தொழிலாளியை அரைக்கும் இயந்திரத்தைக் காட்டிவிட்டுத்தான் தொடங்கியது. அரசியலை ரொமேரோ கொண்டுவந்து நுழைத்தார் என்பவர் 36 வருட வரலாற்றை முழுப் பூசணிக்காயாகச் சோற்றில் மறைக்கிறார்.

ரொமேரோ செய்தது வேறு. மந்திரவாதியையும் முதலாளியையும் கதையிலிருந்து நீக்கினார். பிணங்களை ஏவ ஆளில்லை. அவை தாமாக நடக்கின்றன, பசிக்கிறது, தின்கின்றன. ரிச்சர்ட் மேத்திஸன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜெண்ட்' நாவலிலிருந்துதான் தன் கதைக்கான பொறி கிடைத்தது என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நாவலைப் புரட்சியைப் பற்றிய கதையாகத்தான் தான் படித்ததாகவும், பழைய சமூகத்தைப் புதிய சமூகம் விழுங்குவதைக் காட்ட நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். நம் கட்டுரையாளருக்கு இயக்குநரின் வாக்குமூலம் பிடிக்கும். ஆனால் தனக்குத் தோதான வாக்குமூலம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

தோதான அந்த வாக்குமூலத்துக்கே வருவோம். டுவேன் ஜோன்ஸ் நன்றாக நடித்துக்காட்டினார், அதனால் எடுத்துக்கொண்டோம், திரைக்கதையில் பென் என்ற பாத்திரத்தின் நிறம் எழுதப்பட்டிருக்கவில்லை என்று ரொமேரோ ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார். உண்மைதான். இதை வைத்து 'ஆகவே படத்தில் இனப் பிரச்சினை இல்லை' என்று முடிவு கட்டுவது எந்த ஊர்த் தர்க்கம்? நடிகரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு நடந்தவை தற்செயலா?

பென் முதலில் படிப்பறிவில்லாத, கரடுமுரடான லாரி ஓட்டுநராக எழுதப்பட்டவன். படித்தவரும் நாடக அனுபவம் உள்ளவருமான ஜோன்ஸ் அந்த வசனத்தை அப்படியே பேசவில்லை. தன் வசனத்தைத் தானே திருத்தினார். திரையில் நாம் பார்க்கும் பென் நிதானமாக, தெளிவாகப் பேசுகிறான். பலகைகளை எடுத்து ஜன்னலில் அறைகிறான், துப்பாக்கியைத் தேடி எடுக்கிறான், உடைந்துபோன வெள்ளைக்காரப் பெண்ணை உட்காரவைக்கிறான், கீழறையிலிருந்து வரும் ஹாரி கூப்பர் என்ற வெள்ளைக்காரக் குடும்பத் தலைவனை அடிக்கவும் செய்கிறான். 1968இல் அமெரிக்கத் திரையரங்கில் இதை உட்கார்ந்து பார்த்தவனுக்கு, 'திரைக்கதையில் நிறம் குறிப்பிடப்படவில்லை' என்று யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தார்களா? அவன் பார்த்தது கண் முன்னால் நின்ற ஆளை.

கட்டுரையாளர் தொடாமல் தாண்டிப் போன இடம் ஒன்று உண்டு. அதில்தான் ரொமேரோ யார் என்பது தெரியும். வீட்டின் மேல்தளத்தில் நின்று போராட வேண்டும் என்பது பென்னின் கட்சி. கீழறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்ள வேண்டும் என்பது கூப்பரின் கட்சி. படம் முழுக்க நமக்குப் பென்னைப் பிடிக்கிறது, கூப்பரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. கடைசியில் என்ன ஆகிறது? எல்லாரும் செத்த பிறகு பென் உயிர் தப்புவது அதே கீழறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டுதான். அந்தக் கேடுகெட்ட மனிதன் சொன்னதுதான் சரியாகப் போகிறது. துண்டுப்பிரசுரம் எழுதுகிறவன் இப்படி எழுதமாட்டான். நல்லவன் பக்கம் நியாயத்தை மொத்தமாகச் சாய்த்துவிட்டுக் கைதட்டல் வாங்குவான். ரொமேரோ இரண்டு பேருடைய பிடிவாதத்தையும் காட்டுகிறார். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள். வெளியே இருக்கும் பிணங்களைவிட உள்ளே இருக்கும் சண்டைதான் ஆளைக் கொல்கிறது.

பொழுது விடிகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பென் ஜன்னலோரம் வருகிறான். வெளியே ஷெரிஃபும் உள்ளூர் ஆட்களும், போலீஸ் நாய்களும். ஒருவன் குறிபார்த்து நெற்றியில் சுடுகிறான். ஷெரிஃப் அவனைப் பாராட்டிவிட்டு, நெருப்பில் போட இன்னொன்று என்கிற மாதிரி பேசிக்கொண்டு நகர்கிறார். அத்தோடு படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. பழைய செய்தித்தாளில் வருகிற மாதிரிப் புள்ளி புள்ளியான அசையாப் படங்கள் வருகின்றன. இறைச்சிக் கொக்கிகளோடு ஆட்கள் நிற்கிறார்கள், உடலை இழுக்கிறார்கள், விறகின்மேல் போடுகிறார்கள். கறுப்பின மக்கள்மீது பர்மிங்ஹாம் போலீஸ் நாய்களை ஏவிய புகைப்படங்கள் வந்து அப்போது 5 வருடம்தான் ஆகியிருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்ட உடல்களைச் சுற்றிக் கூட்டம் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் அதற்கும் பழையவை. இந்த முடிவுக் காட்சியை அசையாப் படமாக வைப்பது நடிகர் தேர்வு மாதிரித் தற்செயலாக நடந்துவிடாது. யாரோ உட்கார்ந்து யோசித்து, எடுத்து, வெட்டி, ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டியவர் ரொமேரோவே, அந்தப் படத்தின் படத்தொகுப்பும் அவருடையதுதான்.

படச்சுருளைக் காரில் போட்டுக்கொண்டு விநியோகஸ்தரைத் தேடி நியூயார்க்குக்குப் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டதாக ரொமேரோ நினைவுகூர்ந்திருக்கிறார். 1968 ஏப்ரல் 4. படம் பிட்ஸ்பர்க்கில் வெளியானது அக்டோபர் 1. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் அந்தப் படத்தின் பொருளே மாறிப்போனது. எடுத்தவன் நினைத்தது மட்டும்தான் படத்தின் பொருள் என்றால் விமர்சனம் என்று ஒரு தொழிலே வேண்டாம், கட்டுரையாளரும் நானும் வேறு பிழைப்புப் பார்க்கலாம்.

இனப் பிரச்சினையை விட்டுத்தள்ளினாலும் அங்கதம் போய்விடாது. அதே படத்தில் தொலைக்காட்சிச் செய்தியாக ஒரு காட்சி வருகிறது. வாஷிங்டனில் கூட்டம் முடிந்து ஒரு ராணுவ அதிகாரியும் விஞ்ஞானிகளும் வேகவேகமாக நடந்துபோகிறார்கள். நிருபர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். வெள்ளிக் கிரகத்துக்குப் போய்வந்த விண்கலத்தின் கதிர்வீச்சுதான் காரணமா என்ற கேள்விக்கு ஒருவர் ஆமாம் என்கிறார், பக்கத்தில் நடப்பவர் அதெல்லாம் நிரூபணமாகவில்லை என்கிறார், அதிகாரி இருவர் வாயையும் அடைக்கப் பார்க்கிறார். கார் வருகிறது, ஏறிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாடே பிணக்காடாகிக்கொண்டிருக்கிறது, அரசாங்கத்துக்கோ எப்படிக் காரைப் பிடிப்பது என்பதுதான் பிரச்சினை. அந்தக் கூட்டத்தில் நிருபராக ஓடும் ஒருவர் ரொமேரோவேதான்.

பத்து வருடம் கழித்து 'டான் ஆஃப் த டெட்' படத்திலும் அவர் தலைகாட்டுகிறார். அங்கேயும் தொலைக்காட்சி நிலையத்துக்குள்தான், நிகழ்ச்சியை இயக்குகிறவராக. இதைக் கவனித்திருந்தால் கட்டுரையாளருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருக்கும். செய்தியைக் கொண்டுசேர்க்கும் தொழிலுக்குள் தன்னையே நிறுத்திவைத்துத்தான் ரொமேரோ அதைக் கிண்டல் செய்கிறார்.

அந்தத் தொடக்கக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் கட்டுரையாளர் 'பிரசங்கம்' என்று முத்திரை குத்திய படம் இது. நிலையத்தில் ஒரே கூச்சல். திரையின் அடியில் பாதுகாப்பு முகாம்களின் முகவரிப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பாதி முகாம்கள் எப்போதோ செயலிழந்துவிட்டன. அங்கே போகிறவன் சாவான். ஃப்ரான் என்ற ஊழியர் அந்தப் பட்டியலை எடுத்துவிடுகிறாள். நிலைய அதிகாரி பாய்ந்து வருகிறார், அதைத் திரும்பப் போடு என்கிறார். பட்டியல் இல்லாவிட்டால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்களாம். தப்பான தகவல்தான், ஆனால் அதைப் பார்க்கத்தான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் பிரசங்கம் எங்கே இருக்கிறது? யாராவது எழுந்து நின்று ஊடக தர்மம் பற்றி உரையாற்றினார்களா? ஒரு பட்டியல், ஒரு பொத்தான், ஒரு வசவு. அவ்வளவுதான் காட்சி.

அடுத்தது ஃபிலடெல்ஃபியாவில் ஏழைகள் வாழும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஸ்பானிய மொழி பேசும் போர்ட்டோரிக்கோ மக்களும் கறுப்பின மக்களும் தங்கள் பிணங்களை அரசாங்கத்திடம் ஒப்படைக்க மறுக்கிறார்கள். செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் விடுவோம் என்ற பழைய மனிதப் பிடிவாதம். சிறப்புப் போலீஸ் நுழைகிறது. அதில் ஒருவன் இனவெறியைக் கக்கிக்கொண்டே கதவு கதவாக உடைத்து உயிரோடிருப்பவர்களைச் சுடுகிறான். கடைசியில் சக போலீஸ்காரனே அவனைச் சுட்டு வீழ்த்த வேண்டியிருக்கிறது. இத்தனையும் ஷாப்பிங் மால் திரையில் வருவதற்கு முன்னால். மால் பற்றிய படம் என்று மட்டும் கேள்விப்பட்டு எழுத உட்கார்ந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

மாலுக்கு வருவோம். பிட்ஸ்பர்க்குக்கு வெளியே மன்ரோவில் என்ற ஊரிலிருந்த நிஜமான மால். 1969இல் திறந்தது. பகலில் வியாபாரம், கடை சாத்திய பிறகு விடியும்வரை படப்பிடிப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் அலங்காரங்களைத் தினமும் கழற்றி மாட்ட முடியாது என்பதால் வேலையையே நிறுத்திவைத்தார்கள். அங்கே பிணங்கள் ஏன் வருகின்றன என்பதற்கு ஒரு பாத்திரம் இரண்டொரு வாக்கியத்தில் காரணம் சொல்கிறது, பழைய பழக்கம், அவர்கள் வாழ்க்கையில் இது முக்கியமான இடமாக இருந்தது என்று. கட்டுரையாளர் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரசங்கம் என்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் இரண்டு வாக்கியம்! மற்ற நேரமெல்லாம் என்ன நடக்கிறது? மின்படிக்கட்டில் பிணங்கள் தடுக்கி விழுகின்றன. பின்னணியில் கடைகளில் போடும் அசட்டு இசை. நாயகர்கள் வங்கியிலிருந்து கட்டுக் கட்டாகப் பணம் எடுக்கிறார்கள், எதை வாங்க என்று அவர்களுக்கே தெரியாது. மோட்டார் சைக்கிள் கும்பல் புகுந்து பிணங்களின் முகத்தில் கிரீம் அப்பத்தை வீசி விளையாடுகிறது. வியட்நாமில் ராணுவப் புகைப்படக்காரராக நிஜப் பிணங்களைப் பார்த்துவிட்டு வந்த டாம் சவீனிதான் ஒப்பனை, ரத்தம் காமிக்ஸ் புத்தகச் சிவப்பு. இது பிரசங்கம் என்றால் சார்லி சாப்ளின் மடாதிபதி.

அங்கே தங்கிவிடும் நால்வருக்கும் நேர்வதுதான் நையாண்டியின் உச்சம். எல்லாம் இலவசம், எல்லாம் அவர்களுடையது. துணி, நகை, துப்பாக்கி, சாப்பாடு. கொஞ்ச நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் சலித்துப்போகிறது. பிறகு கும்பல் வந்து கொள்ளையடிக்கும்போது, தப்பிப் போயிருக்கலாம், போகாமல் நால்வரில் ஒருவனான ஸ்டீஃபன் துப்பாக்கி எடுக்கிறான். இது நம்முடையது, நாம் எடுத்தது என்கிறான். அதனால் சாகிறான். செத்த பிறகு, பழக்க தோஷத்தில், மற்ற பிணங்களை அவர்களுடைய மறைவிடத்துக்கே வழிகாட்டிக் கூட்டிவருகிறான்.

கட்டுரையாளரின் வாதங்களில் மதித்துப் பதில் சொல்லத் தக்கது ஒன்றுதான். கூட்டத்தை மூளையில்லாப் பிணமாகக் காட்டித் தலையில் சுடச் சொல்லும் கதை, அடிப்படையிலேயே மேட்டுக்குடியின் கதை அல்லவா என்கிறார். பெரும்பாலான ஸோம்பி படங்களுக்கு இது பொருந்தும். வேலியடைத்த வீட்டுக்காரனின் கனவுதான் அவற்றில் பாதி. ஆனால் ரொமேரோவுக்கு எதிராக இதை எடுத்து வீசுவதற்கு முன்னால், அவர் வரிசையாக எடுத்த படங்களைப் பார்த்திருக்க வேண்டும். 1985இன் 'டே ஆஃப் த டெட்' பூமிக்கடியில் ஒரு ராணுவப் பதுங்கிடத்தில் நடக்கிறது. அங்கே பப் என்று ஒரு பிணம் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறது. அதன் கையில் சவரக் கத்தியைக் கொடுத்தால் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறது, காதில் பீத்தோவனைப் போட்டால் திகைத்து நிற்கிறது, சீருடையைப் பார்த்தால் சல்யூட் அடிக்கிறது. அந்தச் சல்யூட்டைத் திருப்பிக் கொடுக்க மறுக்கும் கேப்டன் ரோட்ஸ்தான் படத்தில் மிருகம். நம் இரக்கம் யார் பக்கம் போகிறது என்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

2005இன் 'லேண்ட் ஆஃப் த டெட்' இன்னும் வெளிப்படை. டென்னிஸ் ஹாப்பர் நடித்த காஃப்மன், பணக்காரர்களுக்காக ஒரு கண்ணாடிக் கோபுரம் நடத்துகிறான். கீழே தெருவில் சேரி, வேலிக்கு வெளியே பிணங்கள். அவனுக்காக அழுக்கு வேலை எல்லாம் செய்த சோலோ என்ற லத்தீன் அமெரிக்கன் கோபுரத்தில் ஒரு வீடு கேட்கும்போது, அதற்கு வரிசை இருக்கிறது, குழு முடிவெடுக்க வேண்டும் என்று காஃப்மன் நழுவுகிறான். (வாடகைக்கு வீடு தேடிச் சாதி கேட்கப்பட்ட எந்தத் தமிழனுக்கும் இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது.) வெளியே பிணங்களை அசையாமல் நிறுத்த வாணவேடிக்கை விடுகிறார்கள். அவை வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும், அந்த நேரத்தில் இவர்கள் கொள்ளையடிக்கலாம். பெட்ரோல் பங்க் ஊழியராக இருந்து செத்த ஒரு கறுப்பினப் பிணம்தான் முதலில் தலையைக் குனிகிறது. பக்கத்தில் நிற்பவற்றையும் உலுக்குகிறது. ஆற்றைக் கடந்து கோபுரத்துக்கு நடக்கிறது. கடைசியில் அந்தக் கூட்டம் விலகிப் போகும்போது நாயகன் சுடவேண்டாம் என்று தடுத்துவிடுகிறான், அவர்களும் போக ஓர் இடம்தான் தேடுகிறார்கள் என்று. மக்களை வெறுப்பவன் எடுத்த படமாம் இது!

ரொமேரோவின் எல்லாப் படமும் மாணிக்கம் என்று நான் சொல்லவரவில்லை. 2007இன் 'டைரி ஆஃப் த டெட்' பின்னணிக் குரல் ஒன்று நமக்குப் புரிந்ததையே திரும்பத் திரும்ப விளக்கும் படம். 2009இன் 'சர்வைவல் ஆஃப் த டெட்' பற்றிப் பேசாமல் இருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. பிரசங்கம் என்ற குற்றச்சாட்டை 'டைரி' மீது வைத்திருந்தால் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பேன். கட்டுரையாளர் அந்தப் படத்தின் பெயரையே எடுக்கவில்லை.

'மலிவுப் பேய்ப்படக்காரர், கலை தெரியாதவர்' என்ற அடைமொழிக்கும் ஒரு தகவலைச் சொல்லிவிடுகிறேன். ரொமேரோவைச் சினிமாவுக்கு இழுத்த படம் மைக்கேல் பவலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் 1951இல் எடுத்த 'த டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்' என்ற ஆப்பெரா. நியூயார்க்கில் சிறுவனாக இருந்தபோது அந்தப் படச்சுருளை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். சுருள் கடையில் இல்லையென்றால் அதை எடுத்துப் போயிருக்கும் இன்னொரு பையனின் பெயர் மார்ட்டின் ஸ்கார்செஸி. 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' சுமார் 1,14,000 டாலரில் எடுக்கப்பட்டது நிஜம். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு ஊற்றினார்கள் என்பதும் நிஜம். பணம் இல்லாததும் கலை தெரியாததும் ஒன்றல்ல.

இனி வாரிசுகள். ஜோ டாண்டே 2005 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எடுத்த ஒரு மணி நேரப் படம் 'ஹோம்கமிங்'. கட்டுரையாளர் துண்டுப்பிரசுரம் என்று சொல்வது இதைத்தான். இராக் போரில் செத்த அமெரிக்கச் சிப்பாய்கள் தேசியக் கொடி போர்த்திய பெட்டிகளைத் திறந்துகொண்டு எழுந்து வருகிறார்கள். யாரையும் கடிக்கவில்லை. ஓட்டுப் போட வேண்டும், இந்தப் போரை நிறுத்துகிறவருக்கு, அவ்வளவுதான். முதலில் கடவுளின் அற்புதம் என்று வரவேற்ற மதபோதகர், யாருக்கு ஓட்டு என்று தெரிந்ததும் சாத்தானின் வேலை என்கிறார். ஓட்டுப் போட்டதும் அவர்கள் நிம்மதியாக மறுபடி சாகிறார்கள். மழையில் நனைந்து நிற்கும் ஒரு செத்த சிப்பாயை, தங்கள் பிள்ளையும் போரில் இருக்கும் ஒரு தம்பதி தங்கள் உணவகத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைக்கும் காட்சியைப் பார்த்துவிட்டுத் துண்டுப்பிரசுரம் என்று சொல்ல ஒரு தனிக் கல்நெஞ்சு வேண்டும்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட பின்னணி இது. வெளிநாட்டில் செத்த சிப்பாய்களின் பெட்டிகள் டோவர் விமானத் தளத்தில் வந்திறங்குவதைப் படமெடுக்க 1991 முதல் 2009 வரை அமெரிக்க அரசு தடை போட்டிருந்தது. செய்திச் சேனல்கள் காட்ட முடியாத பெட்டிகளை ஒரு பேய்ப்படக்காரர் காட்டினார். அந்தப் படத்தில் வரும் கல்லறைக் கல் ஒன்றில் ரொமேரோவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ரொமேரோவிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டாண்டேவுக்குத் தெரிந்திருந்தது. பிணம் எப்படி நடக்கிறது என்பதை எவனும் காப்பியடிக்கலாம். பிணம் வந்து நிற்கும்போது உயிரோடிருப்பவர்கள் யாரைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறார்கள் என்று பார்ப்பதுதான் ரொமேரோவின் பள்ளி.

அரசியலை உதறியதால் வென்ற படங்கள் என்று அவர் தரும் இரண்டு உதாரணங்களைப் பாருங்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. முதலாவது, டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' (2002). அதன் முதல் காட்சியில் ஒரு சிம்பன்ஸியைக் கட்டிப்போட்டுத் திரைகளில் கலவரக் காட்சிகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பகுதியில், வாருங்கள் காப்பாற்றுகிறோம் என்று ரேடியோவில் அழைக்கும் ராணுவ அதிகாரி, தன் ஆட்களுக்குப் பெண்களைத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கொல்லைப்புறத்தில் ஒரு நோயாளிச் சிப்பாயைச் சங்கிலியில் கட்டிவைத்துப் பாடம் படிக்கிறார்கள். ரொமேரோவின் பப் பிரிட்டனுக்கு இடம் பெயர்ந்திருக்கிறான்.

இரண்டாவது, கொரியாவின் 'ட்ரெய்ன் டு பூசான்' (2016). அப்பா–மகள் பாசம்தான் படம், அரசியல் துளியும் இல்லை என்கிறார். அந்த அப்பா ஒரு நிதி நிறுவன மேலாளர். அவர் பங்குச் சந்தையில் தாங்கிப்பிடித்த கம்பெனியிலிருந்துதான் கிருமியே கசிந்தது. நாடு எரியும்போது தொலைக்காட்சியில் அரசாங்கம், கலவரக்காரர்கள் கட்டுக்குள் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்கிறது. 2014இல் சேவோல் கப்பல் கவிழ்ந்தபோது இருந்த இடத்தை விட்டு நகராதீர்கள் என்று பயணிகளுக்குச் சொல்லப்பட்டது, 304 பேர் இறந்தார்கள். இரண்டே வருடம் கழித்து இந்தப் படத்தை ஒரு கோடிக்கும் அதிகமான கொரியர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்? பிணங்களைத் தாண்டி உயிர் தப்பி வந்தவர்களை உள்ளே விடாமல் ஒரு பெட்டிக்காரர்கள் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிணமாகிவிட்ட தன் அக்காவைப் பார்க்கிறாள். உள்ளே இருக்கும் யோக்கியர்களையும் ஒரு பார்வை பார்க்கிறாள். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். இதில் அரசியல் தெரியவில்லை என்றால் கோளாறு படத்தில் இல்லை.

கடைசியாக அந்த உபதேசம். தமிழில் இனிமேல் ஸோம்பி படம் எடுப்பவர்கள் 'ரொமேரோ நோய்' பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதே 2016இல் சக்தி சௌந்தர்ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி போக்குவரத்துக் காவலராக நடித்து 'மிருதன்' வந்தது. தமிழில் இப்படி ஒன்றைத் துணிந்து எடுத்ததற்காக அந்தக் குழுவைப் பாராட்டலாம். ஆனால் அந்தப் படத்தை ரொமேரோ நோய் பீடித்திருந்ததாக எதிரிகூடச் சொல்லமாட்டான். காதலும் தங்கைப் பாசமும் துப்பாக்கியும்தான் அதை நடத்திச் சென்றன. கட்டுரையாளர் கேட்கும் மருந்தைத் தமிழ் சினிமா முன்பே குடித்தாயிற்று. ஊர் இரண்டாகவும் சுடுகாடு இரண்டாகவும் இருக்கிற நாட்டில், பிணம் எழுந்து வந்தால் எந்தச் சுடுகாட்டிலிருந்து எழுந்தது என்ற கேள்வியை ஒரு தமிழ் இயக்குநர் கேட்டுப் படமெடுத்தால் நான் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன். அந்த நோய் நமக்கு வராததுதான் குறை.

வாசகர்களுக்கு ஒன்று. விநியோக நிறுவனம் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பைப் போட மறந்துவிட்டது. அதனால் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' வெளியான நாளிலிருந்தே பொதுச்சொத்து. ரொமேரோவுக்கு அதில் வரவேண்டிய பணம் பெரும்பகுதி வராமலே போனது, நமக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 96 நிமிடம்தான். பார்த்துவிட்டு, சென்ற இதழின் அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படியுங்கள். கட்டுரையாளரும் இந்த முறை கடைசிவரை உட்கார்ந்து பார்க்கட்டும்.